இரண்டு விரல் துணி

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே நான் நலம்; இருமல் போன வாரமே போய்விட்டது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அண்ணி முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொள்கிறாரா, இல்லை அதை அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாரா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ 'ம்' மட்டும்தான் சொல்கிறாய். பன்னிரண்டு நிமிடம் பேசி ஒன்பது 'ம்' வாங்கிக்கொண்டு வைக்கிறேன். கடிதத்தில் உன்னால் அப்படித் தப்பிக்க முடியாது. ஒரு 'ம்' எழுதி அனுப்பினால் தபால்தலைக்குக் கட்டுப்படியாகாது.

என் வேலையின் பெயர் அறைக் கதவில் இரண்டு வரிக்கு இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் ஆள் பிடிக்கிற வேலை. நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு புதிய மாத்திரையை இங்கே சோதிக்கிறோம். அது எல்லாருக்குமானது அல்ல. கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நாங்கள் அதை 'அடையாளம்' என்போம். பத்துப் பேரைச் சோதித்தால் ஒருவரிடம் இருக்கும். முப்பது பேர் சேர்ந்தால்தான் மாத்திரை கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். பதினோரு மாதத்தில் நான் சேர்த்தது நான்கு பேர். செப்டம்பர் கடைசிக்குள் முப்பது ஆகாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். மாத்திரை நல்லதா கெட்டதா என்றே தெரியாமல் பெட்டிக்குள் போய்விடும்.

இதே கனவு எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. முப்பது இருக்கை உள்ள பேருந்து. நான் நடத்துனர். நான்கு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிறார்கள். வண்டி மெதுவாகத்தான் போகிறது, ஆனால் எந்த நிறுத்தத்திலும் நிற்பதில்லை. விசில் ஊத வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை.

உங்கள் ஆஸ்பத்திரியில் நுரையீரல் நோயாளிகள் வருகிறார்கள்தானே? உங்கள் பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல். நோயாளிகளின் சதையைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டிகளை எங்களுக்கு அனுப்பச் சொல். அவற்றை வெட்டுகிற ஆள் என் அண்ணன் என்று நான் இங்கே பெருமை அடித்துக்கொள்வேன்.

அண்ணிக்கு என் அன்பு. அந்தப் பட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்.

உன்,
வாலு

ஜனவரி 21

அன்புள்ள வாலுவுக்கு,

ம்.

கட்டுப்படியாகிறதா என்று பார்த்தேன். ஆகவில்லை. அதனால் தொடர்கிறேன்.

கழுத்து வலி அப்படியே இருக்கிறது. அண்ணியின் பட்டை அலமாரியில் இருக்கிறது, அது நலம். பெரிய டாக்டரிடம் சொன்னேன். சம்மதித்துவிட்டார். இந்த வாரம் மூன்று கட்டிகள் உனக்கு வரும்.

நான் வெட்டுவதை நீ ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. தபால்தலை அளவு மெழுகுக்குள் ஒரு துணுக்குச் சதை இருக்கும். நுரையீரலில் ஊசி போட்டு எடுத்தது என்றால் நூல் கனம்தான். சக்கரத்தைச் சுற்றினால் கத்தியிலிருந்து மெல்லிய சீவல்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நாடாவாக இறங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விட்டு மெல்ல விரியும். அடியில் கண்ணாடியைக் கொடுத்து ஏந்தி எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஜன்னல் ஓரம் இருக்கிறது. பத்தரை மணிக்கு வெயில் அதில் இறங்கும். சில நாள் அதைப் பார்த்துக்கொண்டே எங்கேயோ போய்விடுகிறேன். "இவரு வீட்டுக்கு வந்துட்டாரு, ஆனா இன்னும் வந்து சேரல" என்று உன் அண்ணி பக்கத்து வீட்டில் சொல்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு தையல்காரர் இருக்கிறார். எங்கள் வெள்ளைக் கோட்டு, கட்டில் விரிப்பு எல்லாம் அவர் கைதான். என் வயதுக்காரர். போன வாரம் ரசீதுச் சீட்டோடு எங்கள் ஜன்னலுக்கு வந்து, "என்னோடது எப்ப வரும்?" என்று கேட்டார். தைக்கக் கொடுத்தவர்கள் அவரிடம் கேட்பது போலவே கேட்டார். சீட்டைப் பார்த்தேன். நுரையீரல்.

உன் மாத்திரையைப் பற்றி அவரிடம் நான்தான் சொன்னேன். என் தங்கைதான் பார்க்கிறாள், கொஞ்சம் காத்திருங்கள், நல்லது நடக்கும் என்றேன். பெரிய டாக்டர் கேட்ட மற்றச் சோதனைகள் முடிந்ததும் தையல்காரரின் மெழுகுக் கட்டி உனக்கு வரும்.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? அண்ணி நலமா? நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்.

உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து 2717 என்ற கட்டி வந்தது. நீ சொன்ன தையல்காரருடையதாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆய்வகம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தது. உள்ளே ஒன்றும் இல்லை, அண்ணா. வெறும் மெழுகு. சதை இருந்த இடத்தில் ஊசி நுனி அளவு ஒரு தடம்.

ஒரு மனிதரைப் படுக்கவைத்து, விலாவுக்கு நடுவே ஊசி இறக்கி எடுத்த துணுக்கு அது. அதைச் சீவித் தள்ளிவிட்டு வெறும் கட்டியைக் கட்டணம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். கசாப்புக் கடையில்கூட இதைவிட நிதானமாக வெட்டுவார்கள். யார் வெட்டியது?

இனி மறுபடியும் ஊசி போட்டு எடுத்தால்தான் உண்டு. அவரிடம் கேட்டுச் சொல். சீக்கிரம் சொல். காத்திருக்கும் நாளில் அவர் நெஞ்சுக்குள் இருக்கும் கட்டி காத்திருக்காது.

வாலு

மார்ச் 1

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. இரண்டு நாளாக மழை. ஜன்னலுக்கு வெயில் வரவில்லை. அண்ணி பட்டையைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள்.

தையல்காரர் மறுபடி ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. முதல் தடவை ஊசி போட்டபோது நுரையீரலில் காற்று இறங்கிச் சுருங்கிவிட்டதாம். ஒன்பது நாள் குழாயோடு படுத்திருந்தார். "இன்னொரு ஓட்டைக்கு இடம் இல்லீங்க" என்று பெரிய டாக்டரிடம் சொன்னாராம். வழக்கமான மருந்தை இப்போதே ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் அதற்கும் மாட்டேன் என்கிறார். காத்திருந்தால் நல்லது நடக்கும் என்று நான் சொன்னேனாம். காத்திருக்கிறார்.

எங்கள் அறையில் மூன்று பேர் வெட்டுகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழை நின்றதா? அண்ணியின் கால் தேவலையா?

போன தடவை சூடாக எழுதிவிட்டேன். அதன் பிறகு ஒரு வேலை செய்தேன். பதிமூன்று மாதக் காகிதங்களையும் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். எங்களுக்கு இதுவரை வந்தது நூற்றுப் பன்னிரண்டு பேரின் கட்டிகள். முப்பத்தொன்பது பேருக்குச் சோதிக்கச் சதை போதவில்லை. முப்பது பேருக்கு முடிவு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. வேறு மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், அல்லது எழுந்து வர முடியாமல் போய்விட்டது, அல்லது போன் எண் மாறிவிட்டது. ஒழுங்காகச் சோதித்தது நாற்பத்து மூன்று பேரை. அதில்தான் அந்த நான்கு பேர்.

இத்தனை நாளும் ஆட்கள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்கள் இருந்திருக்கிறார்கள், அண்ணா. வழியில் சிந்திவிட்டோம்.

கனவில் இப்போது நிறுத்தங்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர் கையில் சீட்டோடு நிற்கிறார்கள். பேருந்து அவர்களைத் தாண்டி மிதந்து போகிறது. ஒருவர் தோளில் அளவுநாடா தொங்குகிறது.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. வந்தால் படிப்பேன்.

உன்,
வாலு

மார்ச் 29

அன்புள்ள வாலுவுக்கு,

இதை எழுத உட்காருவது நான்காவது தடவை. முதல் மூன்றிலும் மழை பற்றியும் முழங்கால் பற்றியும் நன்றாக எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

2717-ஐ வெட்டியது நான்தான்.

பெரிய டாக்டர் சோதனைகளை ஒன்று ஒன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் கட்டியை மறுபடி இயந்திரத்தில் மாட்ட வேண்டும். மாட்டும்போதெல்லாம் அதன் முகம் சமமாகும்வரை கொஞ்சம் சீவித் தள்ள வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று என் கைக்குத் தெரியும். நான்காவது தடவை மாட்டிய அன்று பத்தரை மணி வெயில் தண்ணீரில் விழுந்து மேலே கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் குளியலறை வாளியில் வெயில் விழுந்து கூரையில் ஆடும், நாம் இருவரும் ஈரத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம், அம்மா கதவைத் தட்டுவாள். ஞாபகம் இருக்கிறதா? அங்கேதான் போயிருந்தேன். கை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கத்தியிலிருந்து வெறும் மெழுகு இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று நம்பி அனுப்பினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்தே அனுப்பினேன். வெட்கம். யாராவது ஒருவர் அதை எனக்குப் பதிலாகச் சொல்லிவிடட்டும் என்று விட்டுவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகு இரண்டு வாரம் தையல் கடை இருக்கும் பக்கம் நடக்காமல் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனேன்.

போன திங்கட்கிழமை வாசல் வழியாகவே போய்க் கடையில் நுழைந்தேன். அவர் ஒரு பழைய கால்சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வருஷம் முன்னாடி நான் தைச்சது. ஆளு பெருத்துட்டாரு. அன்னைக்கே உள்பக்கம் ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைச்சேன். ஒட்ட வெட்டியிருந்தா இன்னைக்கு நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"வெட்டி விழுந்த துணியெல்லாம்?" என்றேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"அதையும் போட மாட்டேன். சட்டையோட சேத்துக் கட்டிக் குடுத்துருவேன். சுருங்கிக் கசங்கி இருந்தா என்ன, பின்னால ஒட்டுப் போட அதுதானே ஆகும்."

அப்போதுதான் அவரிடம் சொன்னேன். "உங்க துணியை ஒட்ட வெட்டினது நான்தாங்க."

இரண்டு தையல் பிரித்தார்.

"தெரிஞ்சா வெட்டினீங்க?"

"இல்ல. கனவு கண்டுட்டு இருந்தேன்."

"நானும் கண்டிருக்கேன். ஒரு கல்யாணக் கோட்டுக்கு ரெண்டு கையையும் இடது கையா வெட்டி வச்சிருந்தேன்."

நான் அழுதுவிட்டேன், வாலு. ஐம்பத்தொரு வயதில், பொத்தான் டப்பா பக்கத்தில் உட்கார்ந்து. அவர் ஒரு வெட்டுத்துணியை எடுத்து நீட்டினார். அதில் மூக்கைத் துடைத்தபோதுதான் பெட்டி நினைவுக்கு வந்தது.

இது அண்ணிக்குக்கூடத் தெரியாது. தண்ணீரில் சில நாடாக்கள் சரியாக விரியாமல் மடிந்து, மேகம் மாதிரி, அலை ஒதுங்கிய மணல் மாதிரி ஏதோ ஒரு வடிவத்தில் நிற்கும். டாக்டருக்கு அவை ஆகாது. உடனே போட்டுவிட வேண்டும் என்பது விதி. எனக்குப் போட மனம் வராது. கண்ணாடியில் ஏந்தி, என் மேசை இழுப்பறையில் ஒரு மரப்பெட்டியில் வைத்துவிடுவேன். வேலை இல்லாத நேரம் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். பார்ப்பது மட்டும்தான். கண்ணாடியை எடுத்ததும் வைர முனையால் எண்ணைக் கீறுவது கைப் பழக்கம் என்பதால் எல்லாவற்றிலும் எண் இருக்கிறது.

கடையிலிருந்து ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். 2717-இல் ஐந்து இருந்தன. முதல் நாள் வெட்டியவை. மடிந்து கசங்கியவை. சாயம் ஏற்றாதவை. உங்கள் சோதனைக்கு அழகு வேண்டாம், கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்தாலே போதும் என்று நீ ஒரு தடவை போனில் சொன்னாய். நான் 'ம்' என்றேன். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பெட்டியோடு பெரிய டாக்டரிடம் போனேன். இரண்டையும் சொன்னேன். நோயாளிகளின் சதையைக் கணக்கில் வராமல் வைத்திருந்ததற்கு எழுத்து விளக்கம் கேட்டிருக்கிறார். அது சரிதான். தையல்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்து கண்ணாடிகளும் முறைப்படி இன்று புறப்பட்டன.

அண்ணன்

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நீ நலமா? நிஜமாகவே கேட்கிறேன்.

எனக்கு முதல் நாளே தெரியும். கட்டியோடு வந்த சீட்டில் 2717 என்று எழுதி இரண்டு ஏழின் இடுப்பிலும் குறுக்குக்கோடு போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் எத்தனை தடவை குட்டியும் அந்தக் கோட்டை விடாதவன் நீ. கசாப்புக் கடை என்று எழுதும்போதும் அது உன் கைதான் என்று தெரிந்தே எழுதினேன். வேறு யாராக இருந்தாலும் அவ்வளவு கோபம் வந்திருக்காது. பிறகு நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். அங்கே தையல்காரர் காத்திருந்தார், நீ மழை நிற்கக் காத்திருந்தாய், இங்கே நான். நானும் அன்றே போனை எடுத்துக் கேட்டிருக்கலாம். என் பங்கும் அதில் உண்டு.

கண்ணாடிகள் வந்துவிட்டன. ஆய்வகத்தில் இருக்கும் பெண் எண்ணிப் பார்த்து, "இவ்வளவு கசங்கினதை எவன் பத்திரமா வச்சிருந்தான்?" என்றாள். என் அண்ணன் என்றேன். சதை சரியாகப் போதும். பத்து நாளில் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். முதல் நாள் கட்டியை மாட்டும்போதே, முகம் சமமாக இருக்கும்போதே, பத்து வெட்டுக் கூடுதலாக எடுத்துச் சாயம் ஏற்றாமல் கண்ணாடியில் வைத்துவிட்டால்? கணக்கில் வைத்து, நோயாளியிடம் சொல்லி. மறுபடி மாட்ட வேண்டாம், சீவ வேண்டாம், யாரையும் மறுபடி குத்த வேண்டாம். டாக்டர் சந்தேகப்பட்ட அன்றே சோதனைக்கு அனுப்பிவிடலாம். இது நடக்கக்கூடியதா?

நடக்கும் என்றால் உங்களைப் போல எங்களுக்குக் கட்டி அனுப்பும் ஒன்பது ஆஸ்பத்திரிக்கும் எழுதப்போகிறேன்.

உன் எழுத்து விளக்கத்தில் குளியலறை வாளியைப் பற்றி எழுதாதே. அவர்களுக்குப் புரியாது.

உன்,
வாலு

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

தையல்காரரிடம் அந்த அடையாளம் இல்லை.

அறிக்கை நாளை உங்கள் டாக்டருக்கு வரும். அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது நீ பக்கத்தில் இரு.

வாலு

மே 12

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீ நலமா?

பக்கத்தில் இருந்தேன். டாக்டர் சொன்னார். தையல்காரர் கேட்டுக்கொண்டு, "அப்ப அந்த மாத்திரை எனக்கு அளவு இல்ல" என்றார். "இல்லீங்க" என்றார் டாக்டர். "சரி, உள்ளதைப் போடுங்க" என்றார். இரண்டு நாள் கழித்து வழக்கமான மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அடையாளம் இல்லையென்றால் நான் வெட்டிக் கெடுத்ததில் நஷ்டம் ஒன்றும் இல்லையே என்று அண்ணி என்னைத் தேற்றினாள். எனக்கும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் இருந்தது. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினது போல. பிறகு நாள்காட்டியை எடுத்து எண்ணினேன். பிப்ரவரி கடைசியில் தெரிந்திருக்க வேண்டிய முடிவு ஏப்ரலில் வந்தது. ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் அவர் மருந்தில்லாமல், நான் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை ஒட்டுப் போட என்னிடம் துணி இல்லை.

விளக்கம் ஏற்கப்பட்டது. இரண்டு மாதம் நான் வெட்டக் கூடாது. சீட்டு வாங்கும் ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சதையைப் பார்த்தவன் இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறேன். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், எப்ப வரும் என்று. தண்ணீரை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஜன்னலில் இருந்து பார்த்தால் பத்தரை மணிக்கு அந்த அறைக் கூரையில் வெளிச்சம் ஆடுவது மட்டும் தெரிகிறது.

உன் கேள்விக்குப் பதில்: நடக்கும். பத்து வெட்டுக்கு நான்கு நிமிடம்தான் ஆகும். மற்ற இருவருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் சம்மதித்து, அதற்கென்று இழுப்பறையும் பதிவேடும் போட்டிருக்கிறார். என் பெட்டியையும் என்ன செய்வது என்று கேட்டார். அதில் நுரையீரல் நோயாளிகள் மட்டும் ஐம்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் எழுதிக் கேட்டு, சரி என்பவர்களுடையதை மட்டும் உனக்கு அனுப்பச் சொன்னேன். ஜன்னலில் சும்மா இருக்கும் நேரம் கவர்களில் விலாசம் எழுதுகிறேன்.

அண்ணன்

செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். நான் நலம். ஐந்து கிலோ இளைத்திருக்கிறேன், அண்ணியிடம் சொல்லாதே. நீ மறுபடி தண்ணீர்ப் பக்கம் போய்விட்டதாக அண்ணி போனில் சொன்னார். "இப்ப கண்ணைத் தொறந்துட்டே கனவு காண்றாரு" என்றார்.

நேற்று முப்பதாவது ஆள் சேர்ந்தார்.

உன் பெட்டியில் முப்பத்தொரு பேர் சரி என்று எழுதினார்கள். பழைய கண்ணாடிகள் பல உதவவில்லை. இரண்டு பேரிடம் அடையாளம் இருந்தது. ஒருவர் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற அம்மா. என் அறைக்கு வந்ததும், "எந்த ஷோவுக்கு உக்காரணும்?" என்று கேட்டார். இப்போது இருமல் குறைந்து மறுபடி வேலைக்குப் போகிறார். மற்றவர்கள் ஒன்பது ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்தவர்கள்; முடிவு சீக்கிரம் வருவதைப் பார்த்து அங்கிருந்து இப்போது முன்பைவிடப் பல மடங்கு ஆட்களை அனுப்புகிறார்கள். எங்கோ நான் பார்த்திராத அறைகளில், நான் பார்த்திராத கைகள், முதல் நாளே பத்து வெட்டுக் கூடுதலாக எடுத்து வைக்கின்றன. முன்பு முடிவு வர ஆறு வாரம் ஆனது, இப்போது பதினோரு நாள். சதை போதவில்லை என்று ஜூலைக்குப் பிறகு இரண்டு பேருக்குத்தான் சொன்னேன்.

இரவு அதே பேருந்து வந்தது. முப்பது இருக்கையும் நிறைந்து, தண்ணீரில் மிதப்பது போல் அசைந்து அசைந்து போனது. ஜன்னலில் எல்லாம் வெளிச்சம் ஆடியது. நான் மட்டும் படிக்கட்டில் நின்று, அளவுநாடாவோடு யாராவது நிற்கிறார்களா என்று ஒவ்வொரு நிறுத்தமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் எப்படி இருக்கிறார்? ஆகஸ்டில் ஸ்கேன் எடுத்திருப்பார்களே, என்ன சொன்னார்கள்?

உன்,
வாலு

அக்டோபர் 4

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நான் நலம், அண்ணி நலம், பட்டை கிழியும் அளவுக்கு உழைக்கிறது. முப்பது என்று படித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே தையல் கடைக்குப் போனேன். வாசித்துக் காட்டினேன். டிக்கெட் கிழிக்கிற அம்மா வந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அவருக்கு மருந்தினால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. "ஊசி கையில இருக்கா கீழ விழுந்துச்சான்னே தெரிய மாட்டேங்குது" என்கிறார். இயந்திரத்தை ஓட்டிவிடுகிறார். பொத்தான் வைப்பதும் ஓரம் அடிப்பதும்தான் சிரமம். அதிலும் நூல் கோர்ப்பது முடியவே முடியாது. என் கை நடுங்காத கை. தினமும் வேலை விட்டு வரும் வழியில் கடையில் உட்கார்ந்து மறுநாளைக்கு ஊசி கோர்த்து வைக்கிறேன். வெள்ளை ஐந்து, கறுப்பு ஐந்து, பத்துப் போதும் என்றார். நான் இருபது கோர்த்துப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு வருகிறேன். அவர் எண்ணிப் பார்ப்பார்.

அந்த ஏழு வாரத்தைப் பற்றி அவரிடம் ஒரு நாள் பேச ஆரம்பித்தேன். "வெள்ளை நூலை இன்னும் கொஞ்சம் நீளமா விடுங்க" என்றார். நீளமாக விட்டேன்.

ஸ்கேன் பற்றிக் கேட்டிருந்தாய். நீ நேரில் வரும்போது சொல்கிறேன்.

உனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டும் என்று துணி எடுத்து வைத்திருக்கிறார். முப்பது பேரை உட்கார வைத்தவள் நல்ல கோட்டுப் போட வேண்டாமா என்கிறார். உன் அளவு கேட்டார். எனக்குத் தெரியவில்லை, இளைத்துவிட்டாளாம் என்றேன். "அப்ப உள்ள ரெண்டு விரல் விட்டுத் தைக்கிறேன். வந்து போட்டுப் பாக்கச் சொல்லுங்க. பிரிச்சுச் சரி பண்றதுன்னா நான்தானே பண்ணணும், அதனால சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார்.

நேற்று கோட்டின் கை இரண்டையும் வெட்டி மேசையில் வைத்திருந்தார். நான் எடுத்துப் பார்த்தேன். ஒன்று வலது, ஒன்று இடது. சரியாக இருந்தது.

இந்த வாரமே கிளம்பி வா.

அண்ணன்